உடையாத கண்ணாடியும், உடைய வேண்டிய கண்ணாடியும்

சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. கார் சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றும்படி வைத்திருப்பதே, ஆபத்தில் அதன் கம்பியால் கண்ணாடியை உடைத்து வெளியேறத்தானாம். நானும் உடனே நாலு பேருக்கு அனுப்பினேன். வங்கியில் ஒரு வவுச்சரைக்கூடச் சரிபார்க்காமல் விடாதவன், இதை இப்படி அனுப்பிவிட்டேனே என்று பிறகு உறுத்தியது. தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

முதலில் அந்தச் செய்தி தவறு. பின்னாலிருந்து வேறு வண்டி மோதும்போது கழுத்து அடிபடாமல் இருக்கத்தான் ஹெட்ரெஸ்ட். அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளுக்கு அது கட்டாயமானது. சில கார்களில் அது கழலவே கழலாது.

அதைவிட முக்கியமானது, காரில் இருப்பது ஒரே கண்ணாடி அல்ல, இரண்டு வகை என்பது. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

ஆரம்பகாலக் கார்களில் வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடிதான். மோதினால் கத்தி கத்தியாகச் சிதறி முகத்தைக் கிழிக்கும். 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எட்வார்ட் பெனடிக்டஸின் கை தவறி ஒரு குடுவை விழுந்ததாகச் சொல்வார்கள். அது விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. முன்பு அதிலிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து உட்புறம் மெல்லிய படலமாக ஒட்டியிருந்ததே காரணம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அப்படி ஒரு படலத்தை வைத்து 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிகளுக்கும் இது பயன்பட்டது. இதுதான் லாமினேட்டட் கண்ணாடி. இன்று நம் கார்களின் முன் விண்ட்ஷீல்டு இந்த வகைதான். கல் பட்டால் சிலந்தி வலை போல விரிசல் விடும். ஆனால் இடத்தை விட்டு நகராது.

இரண்டாவது வகையின் கதை இன்னும் பழையது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வாலுள்ள துளியாக இறுகும். தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் மொத்தமும் தூளாகிவிடும். இளவரசர் ரூபர்ட் 1660 வாக்கில் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து அரசவையை வியக்க வைத்தார். வெளிப்புறம் சட்டென்று குளிர்ந்து இறுக, உட்புறம் இழுவிசையில் மாட்டிக்கொள்வதுதான் இதன் ரகசியம். 1874இல் பிரான்சின் டி லா பாஸ்டி, சுடான கண்ணாடியை எண்ணெயில் முக்கி உறுதியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று எண்ணெய்க்குப் பதில் காற்றைப் பீய்ச்சுகிறார்கள். இதுதான் டெம்பர்டு கண்ணாடி. பல கார்களில் கதவுக்கும் பின்புறத்துக்கும் இதுவே. கூர்மையான ஒரே அடியில் கற்கண்டு போல உதிர்ந்துவிடும்.

ஆகவே தப்பிக்க நினைப்பவர் விண்ட்ஷீல்டை உதைத்துப் பயனில்லை. கதவுக் கண்ணாடியின் ஓரத்தில், மூலையை ஒட்டி அடிக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு சிக்கல். விபத்தில் ஆட்கள் ஜன்னல் வழியே தூக்கி எறியப்படுவதைத் தடுக்க அமெரிக்கா 2011இல் புதிய விதி கொண்டுவந்தது. அதற்காகவும், வெளிச்சத்தம் குறையவும், கதவுகளிலும் லாமினேட்டட் கண்ணாடி வர ஆரம்பித்தது. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் ஆறு உடைப்புக் கருவிகளைச் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லாமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைத்துத் திறக்கவில்லை. நம் உயிரைக் காக்க வந்த கண்ணாடியே சில நேரம் நம்மைச் சிறை வைக்கிறது.

தண்ணீருக்குள் கதவைத் தள்ளித் திறக்கலாமே என்பீர்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவில் வெளியே ஒரு மீட்டர் உயரம் தண்ணீர், உள்ளே ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டால், சுமார் 500 கிலோ அழுத்தம். 25 கிலோ அரிசி மூட்டை இருபது சாத்தி வைத்த கதவு அது!

2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்தில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் ஒரு கார் மாட்டிக்கொண்டு வங்கி ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கார்களை நீரில் இறக்கிச் சோதித்த கனடாவின் மணிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் வரிசை எளிமையானது: சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலை இறக்கு, குழந்தைகளை முதலில் அனுப்பு, நீயும் வெளியேறு. கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடத்துக்குள் இது முடிய வேண்டும். போன் செய்வதெல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

குடியிருப்போருக்கு என் வேண்டுகோள் இரண்டு. சப்வேயில் தண்ணீர் தெரிந்தால், எவ்வளவு அவசரமானாலும் வண்டியைத் திருப்புங்கள். இன்று மாலை பார்க்கிங்கில் உங்கள் கார்க் கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் பொறித்திருப்பதைப் பாருங்கள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். என் பழைய காரில் டெம்பர்டு என்றிருந்தது. உடைப்புக் கருவி ஒன்று வாங்கி, டிக்கியில் போடாமல், கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டேன். உங்கள் காரில் லாமினேட்டட் என்றிருந்தால், அந்தக் கருவியை நம்ப முடியாது. தண்ணீர் ஏறும் முன்பே ஜன்னலை இறக்குவதுதான் வழி.