அழித்து எழுதிய கணக்கும் அடித்து எழுதிய கணக்கும்

நான் பிறந்தது 1959-ஆம் ஆண்டில், சேலம் மாவட்டத்தில். பள்ளி இறுதித் தேர்வு எழுதியது தருமபுரி மாவட்டத்தில். இவ்வளவுக்கும் எங்கள் குடும்பம் காரிமங்கலத்தை விட்டு ஒரு நாளும் குடிபெயர்ந்ததில்லை. 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது எங்கள் ஊர் புதிய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004 பிப்ரவரியில் அந்தத் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. நாங்கள் தருமபுரியிலேயே நின்றோம். நெடுங்காலம் பாலக்கோடு வட்டத்துள் அடங்கியிருந்த ஊர், இன்று தானே ஒரு வட்டத்தின் தலைநகர். ஆகவே, காரிமங்கலம் எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று எவரேனும் கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்ட பிறகே சரியான விடை கூற இயலும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த எனக்கு இந்தச் சிறு கேள்வி பெரிய கேள்வி ஒன்றின் வாசலாகத் தோன்றுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைக் கணக்கில் எழுதிவைப்பது எப்படி? இன்றைய நிலையை எழுதும்போது நேற்றைய நிலையை என்ன செய்வது?

இக்கேள்வியை ஆராய எங்கள் வட்டாரத்தைவிடத் தக்க இடம் வேறில்லை என்பேன். ஊர்ப்பெருமை என்று எண்ணிவிடாதீர்கள். 1792-இல் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டபோது, பாராமகால் என வழங்கிய எங்கள் நாடு கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிருவகிக்கக் காப்டன் அலெக்சாந்தர் ரீட் என்பவர் நியமிக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்த மூவருள் ஒருவர் தாமஸ் மன்றோ. மற்றவர் மக்லியாட், கிரஹாம். நால்வருமே போர்வீரர்கள். நாடு கைமாறிவிட்டது, ஆனால் யாருடைய நிலம் எது, அதன் பரப்பு என்ன, தீர்வை என்ன என்பதெல்லாம் ஊர்க் கணக்கர்களின் ஏடுகளிலும் நினைவிலும் கிடந்தன. ரீட் வயல் வயலாக அளக்கச் செய்தார். குடியானவன் ஒவ்வொருவனோடும் நேராகத் தீர்வை பேசும் முறை இங்கேதான் உருப்பெற்றது. அதுவே பின்னர் இரயத்துவாரி எனப் பெயர் பெற்று, மன்றோ 1820-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தபின் மாகாணத்தின் பொது முறையாயிற்று. தருமபுரியில் மன்றோ ஏழாண்டுக் காலம் குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றிக் கற்ற பாடம் அது. அக்காலத்துக் கடிதங்களும் அறிக்கைகளும் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரில் 1907 முதல் சென்னையில் அச்சாயின. கல்லூரி மாணவர்கள் ஒரு முறையேனும் அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இரயத்துவாரியின் நன்மை தீமைகளைப் பேச இங்கு நான் வரவில்லை. அதன் கணக்கு முறையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஜூலை முதல் நாளில் தொடங்கி ஜூன் இறுதியில் முடிவது பசலி ஆண்டு. ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அவ்வாண்டு ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. ஒவ்வொரு பசலிக்கும் அடங்கல் புதிதாக எழுதப்படும். இன்ன சர்வே எண்ணில் இன்னார் இன்ன பயிர் இட்டார் என்பது அதில் காணும். சென்ற ஆண்டு கேழ்வரகு, இவ்வாண்டு நிலக்கடலை என்றால், கேழ்வரகை எவரும் அழிப்பதில்லை. அது பழைய அடங்கலில் அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் அதிகாரி கணக்குகளைப் பார்த்துக் கையொப்பமிட்டபின் அந்த ஆண்டு மூடப்படும்.

சர்வே எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. 112 என்னும் புலம் இரண்டாகப் பாகப்பட்டால் 112/1, 112/2 என்றாகும். இரண்டாவது மீண்டும் உடைந்தால் 112/2ஏ, 112/2பி என்றாகும். பேரனின் எண்ணைப் பார்த்தே பாட்டன் எது என்று சொல்லிவிடலாம். எண்ணே தன் வரலாற்றைச் சுமந்து செல்கிறது. யார் கண்டுபிடித்த முறையோ, அவருக்கு என் வணக்கம்.

ஆயினும் எல்லாக் கணக்கும் இப்படியன்று. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வருவாய்த் துறை தரும் சிட்டா நகல், அது எடுக்கப்பட்ட நாளில் நிலம் யார் பெயரில் உள்ளது என்று காட்டுவது. பதிவுத் துறை தரும் வில்லங்கச் சான்றோ ஒரு நிலையைக் காட்டுவதன்று. நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்வது. இன்ன நாளில் விற்றார், இன்ன நாளில் அடகு வைத்தார், இன்ன நாளில் மீட்டார் என்று அது தேதியோடு பேசும். முன்னது முகம் பார்க்கும் கண்ணாடி, பின்னது நாட்குறிப்பு. தந்தை இறந்து நிலம் மக்களுக்கு இறங்கினால் அதற்குப் பத்திரம் பதிய வேண்டியதில்லை. ஆதலால் அந்த மாற்றம் வில்லங்கத்தில் வாராது. நாட்குறிப்பிலும் எழுதாத நாள்கள் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள வழக்கறிஞர் இரண்டையும் கேட்பார்.

இனி, கணிப்பொறிக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர், தகவல்களை எல்லாம் அட்டவணைகளாக வகுத்து, ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பொது எண் ஒன்றால் தொடர்புபடுத்தலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். தொடர்புசார் தரவுத்தளம் என்று இன்று கூறுவது இதனையே. நிலங்களுக்கு ஓர் அட்டவணை, உடைமையாளர்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்கப் பட்டா எண். கர்ணத்தின் மரப்பெட்டியில் இருந்த அ-பதிவேடும் சிட்டாவும் இதே உறவில்தான் இருந்தன என்பதை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்புத்தான். உடைமையாளர் பெயரை மாற்று என்று ஆணையிட்டால் பொறி பழையதை நீக்கிப் புதியதை வைத்துவிடும். கர்ணம் பேனாவால் கோடிட்டு மேலே எழுதினார். கோட்டின் அடியில் பழைய பெயர் தெரிந்தது. பொறியில் கோடும் இல்லை, அடியும் இல்லை. இக்குறையை நீக்கும் எளிய வழி, ஒவ்வொரு வரிசையிலும் தொடக்க நாள், முடிவு நாள் என இரண்டு கட்டங்களைச் சேர்ப்பது. பெயர் மாறினால் பழைய வரிசைக்கு முடிவு நாள் இட்டுவிட்டு, புதிய வரிசை ஒன்றை எழுதுவது. எதுவும் அழியாது.

அதுவும் போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒருவர் 1990 மார்ச்சில் இறந்தார் என்றும், மகன் பெயருக்குப் பட்டா 1996-இல்தான் மாறியது என்றும் வைத்துக்கொள்வோம். 1992-இல் அந்த நிலம் யாருடையது? மகனுடையது. 1992-இல் அரசாங்கக் கணக்கில் அது யார் பெயரில் இருந்தது? தந்தையின் பெயரில். இரண்டு விடையும் உண்மை. 1992-இல் தாசில்தார் இறந்தவர் பெயருக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தால் அது அவர் பிழையா என்று வழக்கு வந்தால், நீதிபதிக்கு இரண்டு விடையும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் இரு காலங்கள் உள்ளன: அது உலகில் உண்மையாக இருந்த காலம் ஒன்று, அது ஏட்டில் ஏறியிருந்த காலம் மற்றொன்று. ரிச்சர்டு ஸ்னாட்கிராஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களிலிருந்து இந்த இரு காலக் கணக்கை வலியுறுத்தி வந்தனர். தரவுத்தளங்களோடு உரையாடும் எஸ்.கியூ.எல். மொழியின் உலகத் தரத்தில், 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இதற்கு இடம் கிடைத்தது. காட் எழுதி நாற்பத்தோராண்டு கழித்து! அடங்கலின்மேல் பசலி எண்ணும், திருத்தத்தின் அருகே தேதியிட்ட கையொப்பமும் எழுதிய எங்கள் ஊர்க் கணக்கர் இவ்விரண்டு காலத்தையும் தம்மையறியாமலே காத்து வந்தார்.

அக்கணக்கரின் பரம்பரைப் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. கிராம நிருவாக அலுவலர்கள் வந்தார்கள். அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பெருந்திட்டம் நடைபெற்றது. யு.டி.ஆர். என்று மக்கள் சொல்வது அதைத்தான். பல பத்தாண்டுகளாகத் தாத்தாக்களின் பெயரிலேயே உறங்கிய பட்டாக்களை அனுபவத்தில் உள்ளவர் பெயருக்குக் கொணர்ந்த அரிய பணி அது. ஆயினும் அவசரத்தில் பெயர் விடுபட்டவரும் உண்டு. அண்ணன் பெயர் ஏறித் தம்பி பெயர் ஏறாத இடமும் உண்டு. பின்னர்க் கணிப்பொறியில் ஏற்றப்பட்டது இந்தப் புதிய பதிவேடு. பிழையும் அதனோடு ஏறியது. ஆகையால், இன்றும் பங்கு கேட்டு நிற்பவரிடம் அதிகாரி முதலில் கேட்பது யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை. ஓரம் பொடிந்த அந்தப் பழைய தாளே அவருடைய கடைசி நம்பிக்கை.

பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்க்கும் வேலை நமக்குப் புதிதன்று. திருமழபாடிக் கோயிலின் நடுவிமானத்தை இடித்துப் புதுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அதன் சுவர்க் கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும்படி செய்தான். புதிய சுவர் எழுந்தபின், அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. அத்தோடு, இந்தச் செய்தியும் அங்கே வெட்டப்பட்டது! இவை படி எடுத்துப் பொறித்தவை என்று கல்லே சொல்கிறது. சாசனம் பிறந்த நாள் வேறு, இந்தக் கல்லில் ஏறிய நாள் வேறு என்பதைப் படிப்பவன் அறிந்துகொள்கிறான்.

நான் அவ்வாறு செய்யவில்லை. அதைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க மனம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு பையனின் தந்தை இறந்து போனார். வளர்க்க முன்வந்த பெரியவர் வந்து, இனி நானே இவனுக்குத் தகப்பன், என் பெயரை எழுதுங்கள் என்றார். அவர் அன்பு எனக்குப் பெரிதாகப்பட்டது. பிளேடால் மெல்லச் சுரண்டி, பழைய பெயர் இருந்த சுவடு தெரியாமல் புதிய பெயரை அழகாக எழுதினேன். கோடிட்டு அடித்தால் பக்கம் அசிங்கமாகும் என்பது அன்றைய என் எண்ணம். விதி வேறு சொன்னது. கையெழுத்தின் செருக்கு அதைக் கேட்கவில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தப் பையன், இப்போது தலையில் நரை கண்டவன், என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். பெற்ற தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டிருக்கிறான். நீ அவர் மகன் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பிறப்பைப் பதியாத குடும்பம். தந்தையின் பெயரோடு தன் பெயர் சேர்ந்து எழுதப்பட்ட ஒரே இடம் பள்ளிப் பதிவேடு என்று நம்பி வந்திருந்தான்.

இருவரும் அந்தப் பள்ளிக்குப் போனோம். பதிவேடு இருந்தது. பக்கம் இருந்தது. அந்த வரியில் தாள் மெலிந்து, என் அழகிய கையெழுத்தில் வளர்த்தவர் பெயர் இருந்தது. சன்னலருகே கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். முதல் எழுத்து மட்டும் ஓரளவு தெரிந்தது. நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வழக்கைத் தொடரவில்லை என்று பின்னர்ச் சந்தையில் யாரோ சொல்லக் கேட்டேன்.