கார்ல் என்னும் பெயர்



நான் பள்ளியில் பயின்ற நாளில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் என்னைச் 'சர்ல்' என்று வைதார். வயற்சேறு உலராத கால்களோடு வகுப்பிற்குள் நுழைந்ததே நான் செய்த பிழை. சொல்லின் பொருள் அறியாமையால் அப்பொழுது எனக்கு நோகவில்லை. மாலையில் அகராதியைப் புரட்டினேன். பண்பற்ற பட்டிக்காட்டான் என்பது பொருள் எனக் கண்டேன். அதன் பிறகே நொந்தது. அதே ஆண்டில் வரலாற்றுப் பாடத்தில் சார்லஸ் என்னும் பெயருடைய ஆங்கில மன்னர் இருவரைப் பற்றிப் படித்தேன். என் ஆசிரியரின் வசைச்சொல்லும் அம்மன்னர்களின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை நான் அறியப் பல்லாண்டுகள் சென்றன.

அவ்வேர் பழைய ஜெர்மானிய மக்கள் வழங்கிய 'கார்ல்' என்னும் சொல்லாகும். ஆண்மகன், கணவன், அடிமையல்லாத குடியானவன் என்பன அதன் பொருள்கள். ரீக்ஸ்தூலா என்னும் பழைய வடமேற்கு ஐரோப்பியப் பாட்டு ஒன்று மூன்று குலமுதல்வரைப் பேசுகிறது. திரேல் என்பவன் அடிமைகளின் முன்னோன். யார்ல் என்பவன் பெருமக்களின் முன்னோன். இருவருக்கும் இடையே நிற்பவன் கார்ல். அவன் எருதுகளைப் பழக்குகிறான், ஏர் செய்கிறான், வீடு கட்டுகிறான், நிலத்தை உழுகிறான். பிறர்க்கு ஏவல் செய்வதுமில்லை, பிறரை ஏவுவதுமில்லை.

ஜெர்மானியப் பெருமக்கள் தம் மைந்தர்க்கு இட்ட பெயர்கள் பெரும்பாலும் இருசொற் கூட்டாக அமைந்தவை. லூட்விக் என்பதில் புகழும் போரும் உண்டு. பிரீட்ரிக் என்பதில் அமைதியும் ஆற்றலும் உண்டு. வில்ஹெல்ம் என்பதிலோ மனவுறுதியும் தலைக்கவசமும் சேர்ந்து நிற்கின்றன. இவற்றிடையே கார்ல் என்பது வெறுந்தலையோடு நிற்கும் பெயர். நம் மொழியில் மகனுக்கு 'ஆள்' என்று பெயரிட்டாற் போன்றது அது.

இப்பெயர் ஆளும் குடும்பம் ஒன்றிற்குள் புகுந்தது ஏழாம் நூற்றாண்டின் இறுதியில். பிராங்கியர் நாட்டை மன்னர் பெயரால் நடத்திவந்த பிப்பின் என்பவனுக்கு, பட்டத்துத் துணைவியாகிய பிளெக்ட்ரூடு அல்லாத அல்பைடா என்பவள் வயிற்றில் பிறந்தவன் கார்ல். 714இல் பிப்பின் இறந்தவுடன் பிளெக்ட்ரூடு தன் பேரனுக்கே ஆட்சி சேர வேண்டுமெனக் கருதிக் கார்லைச் சிறையிலிட்டாள். சிறையினின்று தப்பியவன் படை திரட்டினான், நாட்டைக் கைக்கொண்டான், 732இல் புவாத்தியே நகருக்கு அருகில் அரபுப் படையை வென்றான். பின்னையோர் அவனுக்கு மார்ட்டெல், அதாவது சம்மட்டி, என்று சிறப்புப் பெயர் சூட்டினர். எனினும் 741இல் இறக்கும்வரை அவன் முடிசூடவில்லை. பெயருக்கேற்பக் கார்லாகவே இருந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவனுடைய பேரனே வரலாறு போற்றும் பேரரசன் கார்ல். லத்தீனில் கரோலுஸ் மாக்னுஸ் என்றும், பிரெஞ்சு வழியாகச் சார்லமேன் என்றும் வழங்கப்படுபவன். 768இல் அரசனானான், 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ரோமாபுரியில் பேரரசனாக முடிபுனைந்தான். அவன் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு ஒரு செய்தி கூறுகிறார். மன்னன் எழுதப் பழகுவதற்காகப் பலகைகளைத் தலையணையின் கீழே வைத்திருந்தானாம். முதுமையில் தொடங்கியதால் கைவரவில்லையாம். அவன் ஆணைகளில் காணப்படும் கையொப்பம் ஒரு சிலுவை வடிவம். அதன் நான்கு முனைகளிலும் அவன் பெயரின் நான்கு மெய்யெழுத்துகள் நிற்கும். பாதி உலகை ஆண்டவனுக்குத் தன் பெயரை எழுதுவது அத்துணை அரிதாயிற்று!

ஆனால் அப்பெயரை அவனுடைய அண்டை நாட்டார் தம் மொழியிலேயே எழுதிக் கொண்டனர். அவன் பேரரசின் கிழக்கெல்லையில் வாழ்ந்த ஸ்லாவிய மக்களுக்கு அரசன் என்றால் கார்ல், கார்ல் என்றால் அரசன் என்றாயிற்று. போலிஷ் மொழியில் 'குரூல்', செக் மொழியில் 'கிரால்', ரஷ்ய மொழியில் 'கரோல்' ஆகிய சொற்கள் அரசனையே குறிக்கின்றன. ஹங்கேரியர் அதைக் 'கிராய்' என்று கடன் பெற்றனர். துருக்கியரும் லித்துவேனியரும் அவ்வாறே கொண்டனர். 1348இல் பிராக் நகரப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மன்னனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வாட்ஸ்லாவ். பாரிசில் வளர்ந்தபோது கார்ல் என்னும் பெயரை ஏற்றான். ஆகவே செக் மக்கள் அவனைக் 'கிரால் காரெல்' என்கின்றனர். சொல்லாராய்ச்சிப்படி பார்த்தால் 'கார்ல் கார்ல்' என்று இருமுறை அழைக்கின்றனர்.

நார்வேயில் நடந்தது இன்னும் சுவையானது. ஓலாவ் மன்னனுக்கு ஓரிரவில் பிறந்த குழந்தை பிழைக்காது என்று அஞ்சிய அவைப்புலவர் சிக்வத், உறங்கும் மன்னனை எழுப்பத் துணியாமல் தாமே ஞானஸ்நானப் பெயர் சொல்லிவிட்டார். பேரரசன் கார்லை நினைந்து அவர் இட்ட பெயர் மாக்னுஸ். 'பெரிய' என்னும் அடைமொழி நின்றது; கார்ல் என்னும் பெயர் கழன்றது. காலையில் சினந்த மன்னன் காரணம் கேட்டு மகிழ்ந்தான் என்று பழங்கதை நூல் கூறுகிறது. குழந்தை பிழைத்தது; 1035 முதல் 1047 வரை நார்வேயை ஆண்டது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். என் பழைய புண் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலோ சாக்சானியர் காலத்தில் 'சேயோர்ல்' என்றால் உரிமையுள்ள உழவன். மேற்குச் சாக்சானியர் சட்டப்படி அவனைக் கொன்றவன் 200 ஷில்லிங் தண்டம் செலுத்த வேண்டும். பெருமகனைக் கொன்றால் 1200. ஆறில் ஒரு பங்குதான். எனினும் சட்டத்தின் கண்ணில் அவன் ஓர் ஆள். 1066இல் நார்மானியர் வென்றனர். ஆண்டோர் பிரெஞ்சு பேசினர். உழவர் பலர் பண்ணைக்குக் கட்டுண்டனர். நிலை தாழவே சொல்லும் தாழ்ந்தது. உரிமைக் குடியானவன் முதலில் கட்டுண்ட உழவனானான், பின்பு முரடனானான், இறுதியில் வசையானான். அச்சொல்லே பிரெஞ்சு உடை உடுத்துச் சார்லஸ் என்று மீண்டும் வந்து 1625இல் அரியணை ஏறியபோது, வாயிலில் நின்ற பழைய உழவனை அவனுடைய உறவினன் என்று எவரும் அடையாளம் காணவில்லை.

சுவீடனில் இந்தப் பிரிவினை நேரவில்லை. 1973இல் அங்கே அரசரானவர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். அவருக்கு முன்பிருந்த கார்ல்களில் முதல் அறுவரும் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் கற்பனையில் ஆண்டவர்களே. அது தனிக் கதை. அந்நாட்டு மொழியில் இன்றும் கார்ல் என்றால் சாதாரண ஆண்பிள்ளை. கடைத்தெருவில் ஒருவனை அச்சொல்லால் குறித்தால் அவன் சினப்பதில்லை.