கடல்கோளும் தீவுத் தமிழரும்

சாமுண்டி மலையடியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடல் நெடுந்தொலைவு. ஆயினும் கடல்கோள் என்றதும் கபாடபுரமும் காவிரிப்பூம்பட்டினமும் நம் நினைவில் எழாமல் இரா. அப்பழஞ்செய்திகளின் உண்மையை ஆராய்தல் இங்கு நம் நோக்கமன்று. நம்மைப் போலவே பிழைப்பை நாடி அயல்மண் புகுந்த தமிழர் சிலர் கண்ட கடல்கோளையே கூறப் புகுந்தோம்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையினின்று திரும்பிய தோட்டத் தொழிலாளருள் ஒரு சாரார், நிகோபாரைச் சேர்ந்த கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டப் பணிக்கெனக் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலில் கைதேர்ந்த அவர்களுக்கு, அக்கடலின் குணத்தைச் சொல்லித்தரும் பாட்டன் பாட்டியர் அங்கு இலர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. சற்று நேரத்திற்குள் பேரலை நிகோபார்க் கரைகளில் மோதிற்று. மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அம்மண்ணுக்கே உரிய நிகோபாரிகளும் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

முன்னறிவு அறவே இல்லாமலில்லை. 1881 டிசம்பர் 31இல் கார் நிகோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் அலையைச் சென்னைத் துறைமுகத்து அலைமானி பதிந்து வைத்தது. ஏட்டில் இருந்த அச்செய்தி கரையில் இல்லை! பசிபிக் மாகடலுக்கு 1949லேயே எச்சரிக்கை நிலையம் அமைந்தது. இந்துமாகடலுக்கோ 2004 வரை ஒன்றுமில்லை. நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்திற்குப் பின்னரே அலை சென்னையை எட்டியது. அவ்விடைவேளையும் வீணே கழிந்தது.

சுமத்ராவை அடுத்த சிமெலுவே தீவின் கதை வேறு. 1907இல் பெருஞ்சேதமுற்ற அம்மக்கள், அவ்வலைக்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடுக என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வழிவழியாக ஊட்டி வந்தனர். 2004இல் ஏறத்தாழ 78,000 பேருள் மாண்டவர் எழுவரே. சிறிய அந்தமானில் ஓங்கே மக்களும் கடல் உள்வாங்கக் கண்டு மேடேறி உய்ந்தனர். எழுத்தறியாதார் என்று நாம் எளிதில் ஒதுக்கும் மக்கள் இவர்கள்!

2007இல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பெற்றது. நிலநடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களில் அதன் முதல் அறிவிப்பு புறப்படும். சென்னைக்கும் நாகைக்கும் அது போதும். நிகோபாருக்கோ அறிவிப்பும் அலையும் ஒருங்கே வரக்கூடும். ஆதலின் அங்கே நிலத்தின் நெடிய அதிர்வே முதல் எச்சரிக்கை.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது நிகோபாருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் மேட்டை நாடிச் சென்றனர். கடலடி நிலம் மேலெழாமல் பக்கவாட்டிலேயே நகர்ந்தமையால் சிற்றலையே எழுந்தது. எச்சரிக்கை விலக்கப்பட்ட பின் மக்கள் வீடு திரும்பினர்.