ஆணையத்தின் கூற்றும் உறுப்பினரின் கூற்றும்

அரசியலமைப்பின் 344ஆம் பிரிவின்படி 1955 ஜூன் மாதத்தில் ஆட்சிமொழி ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் பி. ஜி. கேர். உறுப்பினர்களுள் வங்காளத்து மொழியியலறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜியும் சென்னை மாநிலத்தின் ப. சுப்பராயனும் இருந்தனர். 1956இல் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. ஒன்றிய அரசின் பணிகளில் ஆங்கிலம் இருந்த இடத்திற்கு இந்தியைப் படிப்படியாகக் கொண்டுவரும் வழிகளைப் பெரும்பான்மையினர் அதில் வகுத்திருந்தனர்.

சாட்டர்ஜியும் சுப்பராயனும் அதற்கு உடன்படாமல் தனித்தனியே மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதினர். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் முதல்தரக் குடிமக்களாகவும் ஏனையோர் இரண்டாந்தரக் குடிமக்களாகவும் ஆகிவிடுவர் என்பது சாட்டர்ஜியின் எச்சரிக்கை. அவர் ஒரு காலத்தில் இந்தியை ஆதரித்தவர் என்பதால் அந்த எச்சரிக்கைக்குக் கனம் கூடுதல். இக்குறிப்புகளும் ஆணைய அறிக்கையின் பகுதியாகவே அச்சேறின.

ஆய்வேட்டில் இதை எடுத்தாளும்போதுதான் சிக்கல் எழுகிறது. ‘ஆட்சிமொழி ஆணையம் 1956’ என்று அடைப்புக்குள் எழுதிப் பக்க எண்ணை இட்டால், வடிவ விதிப்படி குறையேதும் இல்லை. ஆனால் மேற்கோள் சாட்டர்ஜியின் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், இந்தி பேசாதோருக்காக ஆணையமே அஞ்சியது என்று வாசகர் கொள்வார். ஆணையம் சொன்னதோ அதற்கு நேர்மாறானது. ‘கேர் 1956’ என்று சுருக்கினால் இன்னும் மோசம். தலைமை வகித்தவர், தாம் ஏற்காத வாதத்திற்கும் ஆசிரியராகிவிடுகிறார்.

அமைப்பை ஆசிரியராகக் கொள்ளும் வழக்கம் நூலகங்களில் வளர்ந்தது. ஓர் அமைப்பின் பெயராலோ அதிகாரத்தாலோ வெளிவரும் நூலுக்கு அவ்வமைப்பே ஆசிரியர் என அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் 1876இல் விதி வகுத்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்ட நூற்பட்டி விதிகளில் அரசு, நிறுவனம், மாநாடு என அமைப்பாசிரியரை மூவகைப்படுத்தினார். ஆயிரக்கணக்கான அரசு வெளியீடுகளுக்கிடையே ஒன்றைத் தேடியெடுக்க இவ்விதிகள் பேருதவி புரிந்தன. நூலினுள் எந்த வரி யாருடையது என்று சொல்வது அவற்றின் வேலையன்று. ஆய்வாளரே செய்யவேண்டிய அவ்வேலையை நூற்பட்டியின் தலையில் கட்டிவிடுகிறோம்.

மறுதலையான பிழையும் உண்டு. இந்திய மொழியியல் அளவாய்வு என்றாலே கிரியர்சன் பெயர்தான் நினைவுக்கு வரும். அதன் நான்காம் தொகுதி (1906) முண்டா, திராவிட மொழிகளைப் பற்றியது. அதை உருவாக்கியவர் நார்வே அறிஞர் ஸ்டென் கோனோ. கிரியர்சன் பதிப்பாசிரியர். ‘கிரியர்சன் 1906’ என்னும் மேற்கோளில் கோனோ காணாமற்போகிறார். (சென்னை மாகாணம் அந்த அளவாய்வின் களத்திற்கே வெளியில் இருந்தது என்பது வேறு கதை.)

தொகுப்பு நூலிலுள்ள கட்டுரையைக் காட்டுவதுபோலவே இதையும் காட்டலாம்: சாட்டர்ஜி, மாற்றுக் கருத்துக் குறிப்பு, ஆட்சிமொழி ஆணைய அறிக்கையில், இன்ன பக்கங்கள். கூடுதலாக ஒரு வரி பிடிக்கும், அவ்வளவே.

1963இன் ஆட்சிமொழிகள் சட்டம், 1965 சனவரி 26க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர வழிவிட்டது. அம்முடிவுக்கு நெருக்கமாக 1956இலேயே எழுதியவர்கள் அந்த இருவர். துணைநூற்பட்டியலில் அவர்களைத் தேடுபவருக்கு இன்றும் பெரும்பாலும் கிடைப்பது ஆணையத்தின் பெயர் மட்டுமே.