சென்னையின் முதல் மின்சார டிராம்



கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மவருடைய முன்னோர் பலர், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி வந்தவர்கள். சென்னை வழியாக வந்தவர்கள் துறைமுகப் பக்கத்தில் ஒரு புதுமையைக் கண்டிருப்பார்கள். குதிரையும் இல்லை, புகை விடும் இயந்திரமும் இல்லை. ஆட்களையும் சரக்கையும் சுமந்துகொண்டு வண்டி தெருவில் ஓடியது. அதுதான் மின்சார டிராம்.

1895 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் அது ஓடத் தொடங்கிற்று. இந்தியாவில் அதுவே முதலாவது. கல்கத்தாவுக்கு 1902 இலும், பம்பாய்க்கு 1907 இலும்தான் மின்சார டிராம் வந்தது. இதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்கள், முதலில் ஓடிய வண்டிகள் மழையிடம் தோற்றுப்போன கதையை ஏனோ சொல்வதில்லை.

அந்த வண்டிகளுக்குத் தலைக்கு மேல் கம்பி கிடையாது. பாதையின் அடியில் ஒரு கால்வாய் தோண்டி, அதற்குள் மின்சாரக் கம்பியைப் பதித்திருந்தார்கள். மேலே ஒரு நீண்ட இடுக்கு. வண்டியின் அடியிலிருந்து ஒரு பட்டை அந்த இடுக்கு வழியே இறங்கி, கம்பியைத் தொட்டு மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். தெரு பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நம் லயத்து வாசலில் உள்ள கால்வாய் ஒரு மணி நேர மழைக்கே எப்படி நிரம்பி வழிகிறது? சென்னையிலோ ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை! சேறும் நீரும் புகுந்தால் மின்சாரம் தரைக்குள் கசிந்துவிடும், வண்டி நின்றுவிடும். கடைசியில் கால்வாயைக் கைவிட்டு, கம்பத்தில் கம்பி கட்டினார்கள். வண்டியின் கூரைமேல் ஒரு கோல். அதன் நுனி கம்பியைத் தொட்டபடி செல்லும். வேலை முடித்த மின்சாரம் தண்டவாளத்தின் வழியே திரும்பிவிடும்.

பினாங்கில் 1906 இல் மின்சார டிராம் வந்தபோது, இந்த மேல்கம்பி முறையே கையாளப்பட்டது. அங்கே 1936 வரை ஓடிற்று.

சென்னையில் 1921 இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் இருந்தன. பிறகு பஸ்கள் பெருகின, கம்பெனி நொடித்தது. 1953 ஏப்ரல் 12 ஆம் நாள் டிராம் நின்றது. தோட்டம் துண்டாடி விற்கப்பட்டு, பெட்டி படுக்கையோடு லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நம்மில் உண்டு. டிராம் ஓட்டியவர்களும், டிக்கெட் கொடுத்தவர்களும், கொட்டகையில் வண்டி பழுது பார்த்தவர்களும் அன்று அந்த நிலையில்தான் வேறு வேலை தேடிப் போனார்கள்.