காஞ்சிபுரம் வட்டாரத்தில் கல் கோடரிகள் பரவிய விதம்

காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட செம்புரை மேடுகளிலும் ஓடைக்கரைகளிலும் பழைய கற்காலக் கைக்கோடரிகள் சிதறிக் கிடக்கின்றன. 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம் சென்றபோது மேலும் பல கிடைத்தன. 2022இல் ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோதும், ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே கல் கருவிகள் வெளிப்பட்டன.

இவை எப்படி இத்தனை இடங்களுக்கு வந்தன? கருவிகள் கிடக்கும் செம்புரைப் படிவுகள் கடலடியில் உருவானவை என்று ஃபூட் கருதினார். பின்வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. மழைநீரும் ஓடைகளுமே சரளையோடு சேர்த்துக் கருவிகளையும் சரிவுகளிலிருந்து இறக்கிப் பரப்பின. அப்படி உருண்டு வந்த கோடரியின் விளிம்பு மழுங்கியிருக்கும். செய்த இடத்திலேயே மண் மூடியதன் விளிம்பு இன்றும் கூர்மையாக இருக்கும். கிடைத்த இடத்தைவிட இந்த விளிம்புதான் நம்பத்தக்க சாட்சி.

ஆனால் எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுவரவில்லை. அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்கு களிமண்; அதில் இயல்பாகக் கூழாங்கல் கிடையாது. ஆகவே அங்குள்ள குவார்ட்சைட் கருவிகள் மனிதர் சுமந்து வந்தவையே. அல்லிக்குழி மலைப்பக்கத்துப் பாறைகளில் பெரிய சில்லுகளைத் தட்டி எடுத்து, இங்கே கொண்டுவந்து செதுக்கி முடித்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட கணிப்புப்படி, இது குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கல்லைத் தேர்ந்தெடுத்து, வேறிடத்தில் தேவைப்படும் என்று முன்கூட்டியே எண்ணிச் சுமந்த அந்த அறிவு வியப்புக்குரியது.

புதிய கற்காலத்தில் தீட்டி வழவழப்பாக்கிய கோடரிகள் வந்தன. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் அக்கால மக்களின் குடியிருப்பே அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. இத்தகைய கோடரிகள் நெடுந்தொலைவும் பயணம் செய்தன. மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில் 2006இல் அறியப்பட்ட கோடரி இதற்குச் சான்று. பாறையே இல்லாத காவிரிப் படுகைக்கு அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இன்றும் கோடரிகள் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. சாலைக்கும் மனைக்கும் சரளை வெட்டும்போது, கருவிகளும் லாரியேறி வேறு ஊர்ப் பள்ளங்களை நிரப்புகின்றன. மண்ணடுக்கை விட்டு நீங்கிய கோடரியின் காலத்தைக் கணிப்பது மிகக் கடினம். ஏரி தூர்வாரும்போதோ குழி வெட்டும்போதோ இருபுறமும் செதுக்கிய கல் தென்பட்டால், அதை எடுக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.