சம்போவாங்காக் கோட்டையும் ‘மோரோ’ என்னும் பெயரும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்கே, மிண்டனாவோத் தீவின் மேற்கு முனையில் சம்போவாங்கா என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே கடலோரத்தில் நிற்கும் பழங்கோட்டையின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1492ல் கிரானடா வீழ்ந்தது. அந்தலூஸில் முஸ்லிம் ஆட்சி முடிவுற்றது. அந்நாட்டு முஸ்லிம்களை ஸ்பானியர் ‘மோரோ’ என்றழைத்து வந்தனர். 1571ல் மணிலாவைக் கைக்கொண்ட அவர்கள், அத்தீவுகளிலும் முஸ்லிம்களைக் கண்டனர். இனம் வேறு, மொழி வேறு. எனினும் கலிமா ஒன்றாயிருந்தமையால் அப்பழம்பெயரையே இவர்களுக்கும் சூட்டினர்.

தெற்கே சூலூ, மகிந்தனாவோ என்னும் இரு சுல்தானகங்கள் பணியவில்லை. அவற்றின் மரக்கலங்கள் செல்லும் பாசிலான் நீரிணையைக் காவல் செய்யவே, 1635ல் மெல்சோர் டி வேரா என்னும் பாதிரியார் வகுத்த அமைப்பின்படி இக்கோட்டை எழுந்தது. 1637ல் ஆளுநர் கோர்குவேரா, மகிந்தனாவோ சுல்தான் குதராத்தின் தலைநகரைக் கைப்பற்றினார். தப்பிய குதராத் மீண்டும் வலிமை பெற்றார்; 1645ல் ஸ்பானியர் அவருடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது.

1662ல் சீனத் தளபதி கொக்சிங்கா மணிலாவை அச்சுறுத்தவே, காவற்படை அங்கு அழைக்கப்பட்டது. மறு ஆண்டு கோட்டை கைவிடப்பட்டது. 1719ல் அதனைப் புதுப்பித்து, பிலார் மாதாவின் பெயரை இட்டனர். 1720ல் பெருந்தாக்குதல் நிகழ்ந்தும் கோட்டை விழவில்லை. ஆயினும் அதன் பீரங்கிகளால் தெற்கு முழுவதையும் அடக்க இயலவில்லை. 1899ல் ஸ்பானியப் படை வெளியேறியது.

சூலூ மரக்கலங்கள் கரையோர ஊர்களைத் தாக்கி, எளிய மக்களைச் சிறைபிடித்து அடிமைகளாக விற்றதையும் நாம் மறைத்தலாகாது. வரலாறு நடுநிலையை வேண்டுவது. நம்மவர் செயல் என்பதால் தீங்கு நன்றாகிவிடாது.

மற்றொன்றும் நம் கருத்தை ஈர்க்கிறது. கோட்டையைச் சூழ்ந்த மக்களிடையே வழங்கும் சாவகானோ, ஸ்பானியச் சொற்கள் மிக்க கலப்பு மொழி. அதில் சர்க்கரையை ‘அசூகார்’ என்பர். ஸ்பானியர் வழியே அங்கு சென்ற அச்சொல்லின் மூலம் அரபியின் ‘அஸ்ஸுக்கர்’. மோரோக்களைத் தடுக்க எழுந்த மதிலுக்குள், அந்தலூஸ் முஸ்லிம்களின் சொல் தடையின்றிக் குடிபுகுந்தது!

இன்று அக்கோட்டைக்குள் தேசிய அருங்காட்சியகத்தின் கிளை இயங்குகிறது. பகைவர் இட்ட பெயரையோ, அம்மக்கள் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டனர். 2019ல் அமைந்த அவர்களின் தன்னாட்சிப் பகுதிக்குப் பங்சமோரோ என்று பெயர். ‘மோரோ இனத்தார்’ என்பது அதன் பொருள். ‘பங்சா’ என்னும் மலாய்ச் சொல்லும், நாம் வழங்கும் ‘வமிசம்’ என்பதும் ஒரே வேரில் தோன்றியவை. கிரானடாவில் ஒலித்த வசைப்பெயர், கீழைக்கடலில் ஒரு மக்களின் முகவரியாயிற்று.